ஏகாம்பரத்தின் பதக்கம்

பதக்கம் கையில் இருந்தது, பணிப் பதிவில் இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லித்தான் ஏகாம்பரம் மனைவியோடு எங்கள் முன்னாள் படைவீரர் அலுவலகத்துக்கு வந்திருந்தார். எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒப்பவில்லை. பழைய சாமான் கடையில் எந்தப் பதக்கமும் கிடைக்கிறது. விளிம்பைத் திருப்பிப் பார்த்தேன். ஏகாம்பரம் என்ற பெயரும் படை எண்ணும் பொறித்திருந்தன. எல்லாம் சரியாக இருந்ததுதான் உறுத்தியது.

“இத்தனை வருஷம் என்ன செஞ்சீங்க?”

“சாவறதுக்குள்ள பதிவுல ஏறணும்னு ஒரே ஆசை சார்,” என்றார். அவர் பேசும்போது மனைவி சுலோச்சனாவின் உதடுகளும் கூடவே அசைந்தன.

“சரி, குத்திக்கிட்டு நில்லுங்க. போட்டோ வேணும்.”

விறைப்பாக நின்று, பதக்கத்தை வலது மார்பில் குத்திக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

நானும் பட்டாளத்தில் இருந்தவன்தான். பதக்கம் வாங்கியவன் இடது மார்பில்தான் குத்துவான். வலது மார்பு, செத்துப்போனவனின் பதக்கத்தை அவன் வீட்டார் குத்திக்கொள்கிற இடம்.

கேமராவைக் கீழே இறக்கினேன். சுலோச்சனா எழுந்து வந்தாள். என்னைப் பார்க்காமலே ஊசியைக் கழற்றி, பதக்கத்தை இடப்பக்கம் மாற்றிக் குத்தினாள். சட்டையை நீவிவிட்டாள்.

“இப்ப எடுங்க சார்.”

கேமரா வழியே பார்த்தேன். பதக்கம் இடது மார்பில் சரியாகத் தொங்கியது. அவருடைய கை மட்டும் வலது மார்பைவிட்டு இறங்கவில்லை.