மஞ்சள் அறைப் பாடம்

தூசி நுழையக் கூடாத ஆய்வகம். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடை. கண்கள் மட்டும்தான் வெளியே. நானோ தயாரிப்பின் அரிச்சுவடியைக் கற்க வந்த ஆறு பேரில் பெரியவருக்குத்தான் வசவு அதிகம்.

“சிலிக்கான் தகட்டைச் சீட்டுக்கட்டு மாதிரி அள்ளுறீங்களே! இடுக்கியால ஓரத்தைப் பிடிங்க” என்றாள் பயிற்சி கொடுத்த பெண்.

பிடித்தார். மற்ற ஐந்து பேரும் அதேபோல் அள்ளியதைக் கண்டு அவர்களையும் அதட்டினாள். வெள்ளை ஒளி பட்டால் கெட்டுப்போகும் பூச்சைப் பூசியதும், அந்த அறையின் மஞ்சள் வெளிச்சத்தில் கண் தெரியவில்லையென்று வெள்ளை விளக்கைப் போட்டுத் தொலைத்தார்.

“போச்சு! ஆறு பேரோட தகடும் பாழ். படிச்சிட்டுத்தானே வந்தீங்க?”

“கரைச்சுக் குடிச்சிருக்கேன்மா” என்று குரலை மாற்றி முனகினார். பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் முகமூடியை இன்னும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

பயிற்சி முடிந்ததும், மற்றவர்கள் முதலில் போகட்டுமென்று மூலையில் ஒதுங்கினார். அவள் விடவில்லை.

“அந்த உடையோட வெளிய போகக் கூடாது. கழட்டுங்க.”

வேறு வழியில்லாமல் முகமூடியை இறக்கினார். பெஞ்சில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்த ஐந்து மாணவர்களும் விருட்டென்று எழுந்து நின்றார்கள்.

“என்னாச்சு?”

“எங்க புரொபசர், மேடம். காலேஜ்ல இந்தப் பாடத்தைப் பதினஞ்சு வருஷமா எடுக்குறாரு.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அதானே பார்த்தேன், அஞ்சு பேரும் எப்படி ஒரே மாதிரி தப்புப் பண்றாங்கன்னு!”