சாசேஜ் ரோலும் பனிப்பாறையும்

ஸ்ட்ரூவன் மூன்றாவது முட்டை சாண்ட்விச்சைக் கடிக்கும்போதுதான் பேராசிரியை மோர்வென் கெடிஸ் திரையில் இருந்த பாறைப் படத்தைக் காட்டி அவனைக் கேட்டார்.

"கடைசி வரிசைத் தம்பி, நீங்க சொல்லுங்க. இந்தப் பாறையில ஏன் கோடு கோடா கீறல் விழுந்திருக்கு?"

அபர்டீனில் காலையிலிருந்து விடாத மழை. நிலவியல் துறையின் மதியக் கருத்தரங்கில் ஈரக் கோட்டுகளின் வாடை. சுவரோர மேசையில் சாண்ட்விச், சாசேஜ் ரோல், தேநீர். யார் வந்தாலும் இலவசம்.

அவசரமாக விழுங்கினான்.

"பனிப்பாறை நகர்ந்தப்போ அடியில மாட்டின கல்லு கீறிட்டுப் போயிருக்கு, மேடம். கீறலை வச்சே பனி போன வழியைச் சொல்லிடலாம்."

முன்வரிசை ஆராய்ச்சி மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த நண்பன் ஈவன் முழங்கையால் இடித்தான்.

"டேய், நீ திங்க மட்டும்தான் வர்றேன்னு நெனச்சேன். காதும் வேலை செய்யுதா!"

அறையே சிரித்தது. ஸ்ட்ரூவனுக்குக் காது வரை சிவந்துவிட்டது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. வகுப்பில் அவன் சொன்ன பதில் சரியாக இருந்து ரொம்ப நாளாகிறது.

கூட்டம் கலைந்தது. மிச்சமிருந்த சாசேஜ் ரோலைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தவனிடம் கெடிஸ் வந்தார்.

"வாரம் தவறாம வர்றீங்க. அடுத்த மாசம் ஸ்கை தீவுக்குப் பாறை பார்க்கப் போறோம், வாங்களேன். எந்த வருஷம் நீங்க?"

"ரெண்டாம் வருஷம்." தாளின் ஓரத்தை மடித்தான். "சட்டம், மேடம்."

"சட்டமா? இந்த நேரத்துல உங்களுக்கு வகுப்பு இல்லையா?"

"இருக்கு. ரெண்டு மணி நேரம். இதே கட்டடம்தான், மேல் மாடி. ஒப்பந்தச் சட்டம்." சிரித்தான். "ஆனா அங்க தண்ணிகூடக் குடுக்க மாட்டாங்க. வாடகையைக் குடுத்துட்டா, செவ்வாய்க்கிழமையோட வீட்ல சாப்பாடு எல்லாம் காலி."

கெடிஸ் சிரிக்கவில்லை. தட்டுகளில் இருந்ததையெல்லாம் ஒரு டப்பாவில் அள்ளிப் போட்டு அவன் கையில் திணித்தார்.

"அடுத்த வாரத்துலேருந்து வகுப்புக்கு முன்னாடியே வந்து வாங்கிட்டுப் போயிடுங்க. பனிப்பாறை எங்கயும் ஓடிடாது. இப்ப நீங்க மேல ஓடுங்க, இன்னும் பாதி வகுப்பு இருக்கு!"

இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான்.

மேல் மாடியில் வரிசையாக ஆறு கதவுகள். எல்லாம் சாத்தியிருந்தன.

எதிரே வந்த ஒரு பெண்ணை நிறுத்தி, ஒப்பந்தச் சட்டம் எந்த அறையில் நடக்கிறது என்று கேட்டான்.