அண்ணனுக்கு அக்கா

ஹேமலதாவின் அறுபதாம் பிறந்தநாளுக்கு மகன் அவளுடைய அண்ணனையே வாங்கி வந்திருந்தான். பதினோரு வயதில் டெங்குவில் போன தினகர், பழைய போட்டோவில் இருந்த அதே கோடு போட்ட சட்டையோடு, பேசும் ஒளியுருவமாகச் சோபாவில் தோன்றி உட்கார்ந்தான். மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லா இருக்கீங்களா அக்கா?" என்றான் தினகர்.

ஹேமலதாவுக்குச் சுருக்கென்றது. "யாருக்கு யாரு அக்கா? நான் உன் தங்கச்சி!"

மகன் பதறிப்போய்க் கம்பெனிக்குப் போன் போட்டான். ஒரு பெண் குரல் தேனொழுகப் பேசியது. "எங்க உருவங்க எதிர்ல இருக்கிறவங்க முகத்தப் பாத்து வயசுக்கேத்த மரியாதை குடுக்கும் சார். வேணும்னா அவருக்கும் அறுபத்திமூணு வயசாக்கிடலாமா?"

"செத்தவனுக்கு நரை வேறயா? பிரமாதம்!" என்றாள் ஹேமலதா.

அவளை அம்மா, மேடம், பாட்டி என்று கூப்பிட ஊரே இருந்தது. குள்ளி என்று கூப்பிட்டுத் தலையில் குட்டியவன் அவன் ஒருத்தன்தான். அந்த ஒருத்தனுக்கும் மரியாதை சொல்லிக்கொடுத்துக் கெடுத்து வைத்திருந்தார்கள்.

ஃபேனுக்கு நேராகக் கிடந்த தன் நாற்காலியை அவள் அவனுக்குக் காட்டினாள். "இந்த எடம் வேணுமா உனக்கு?"

"வேண்டாம் அக்கா, நீங்களே உக்காருங்க. தப்பா கூப்பிட்டிருந்தா மன்னிச்சிருங்க."

ஹேமலதா மகன் பக்கம் திரும்பினாள். "இத அணைச்சுத் தொலைடா. எங்கண்ணன் உசிரத்தான் விட்டான். ஃபேனுக்கு நேரா இருக்கிற எடத்த ஒருநாளும் எனக்கு விட்டதில்ல."