விரலுக்கும் பந்துக்கும் நடுவே

அக்காவின் கணினித் திரையில் தங்கை பாய்ந்துகொண்டிருக்கிறாள். கால்பந்துக் குழுவின் ஆண்டு மலரில் கோல்கீப்பரான அவளுக்கென்று ஒரு பக்கம்; அதை அக்காதான் வடிவமைக்கிறாள். புகைப்படத்திலிருந்து வலையையும் மைதானத்தையும் வெட்டி நீக்கிவிட்டாள். அந்தரத்தில் குறுக்காக நீண்ட ஓர் உடம்பு, நீட்டிய கை, விரல் நுனிக்கு ஒரு சாண் தள்ளிப் பந்து, அவ்வளவுதான் மிச்சம். இறுதியாட்டத்தில் தோற்ற கதை பொடி எழுத்தில் அவளை ஒட்டி உரசி ஓடுகிறது. விரலுக்கும் பந்துக்கும் நடுவில்கூட இரண்டு வரி புகுந்து அடைத்திருக்கிறது.

“என்னக்கா, பஸ்ல தொங்குற மாதிரி இருக்கேன்?” நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் தங்கைக்குச் சிரிப்பு முழுதாக வரவில்லை.

“இரு, எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்றேன்.” படத்தைச் சுற்றி விடும் இடைவெளியை அக்கா கூட்டுகிறாள். வரிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகுகின்றன. முழங்கையைச் சுற்றி, முதுகின் வளைவில், அவிழ்ந்து பறக்கும் ஷூ கயிற்றின் ஓரத்தில் வெள்ளை விரிகிறது. இன்னும் கொஞ்சம் கூட்டுகிறாள். விரலுக்கு முன்னால் இருந்த வரிகளும் வழிவிட்டு இறங்க, அந்த நெருக்கலில் பக்கத்தின் கடைசி வாக்கியம், ‘பந்து வலைக்குள் போனது’ என்பது, இடமில்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது.

தங்கை திரைக்கு வெகு அருகில் குனிகிறாள். அவள் மூச்சில் அதன் கண்ணாடி மங்கித் தெளிகிறது.

“அக்கா, இன்னும் பிடிச்சிடலாம் போல இருக்கே.”

அக்கா மௌஸிலிருந்து கையை எடுத்துவிடுகிறாள்.