இரண்டு தட்டு

சட்டை கம்பெனிக் கூடத்தில் பாதித் தையல் மெஷின்கள் மரப்பெட்டிக்குள் போய்விட்டன. பெட்டிகளுக்கு ஆணி அடிக்கும் சத்தம் தையல்காரியின் பல்லைக் கூசவைக்கிறது. தலைக்கு மேலே கம்பியில் தொங்கும் போன் அவள் கைகளை மட்டும் படம்பிடிக்கிறது. எதிரே திரையில், மெஷின்கள் போகப்போகிற நாட்டிலிருந்து ஒருத்தி அதைப் பார்த்துப் பார்த்துத் தைக்கிறாள்; அவளுடைய கைகள் மட்டும் தெரிகின்றன. “மெதுவாக்கா, அவங்களுக்குப் புரியணும்ல?” என்கிறார் சூப்பர்வைசர். “நம்ம குழிய நம்மளையே வெட்டச் சொல்றீங்க. அதையும் மெதுவா வெட்டணுமா?” பெடலில் அவள் கால் நிலைகொள்ளவில்லை. “உலகம் சமமாயிட்டு வருதுக்கா. அவங்களுக்கும் பொழப்பு வேணாமா?” “வேணும்தான். இங்கேருந்து பிடுங்கித்தான் குடுக்கணுமா?” அவர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொள்கிறார்.

அவள் காலர் முனையைத் திருப்பி, கத்தரிக்கோல் பிடியால் மேஜையில் இரண்டு தட்டு தட்டிவிட்டு அடுத்ததை எடுக்கிறாள். திரையிலிருப்பவளும் இரண்டு தட்டு தட்டுகிறாள். ‘அது வேணாம்மா, சும்மா கைப்பழக்கம்’ என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நிறுத்திக்கொள்கிறாள். இந்த மெஷின்கள் வேறொரு நாட்டிலிருந்து இங்கே வந்திறங்கிய புதிதில், அந்த நாட்டுக்காரி ஒருத்தியின் கைகளை இதே போலத் திரையில் பார்த்துத்தான் அவள் காலர் திருப்பக் கற்றாள். அந்தக் கைகளும் இரண்டு தட்டு தட்டின.

“நமக்குச் சொல்லிக்குடுத்தாங்களே, அந்தம்மா இப்ப என்ன செய்றாங்க?”

“யாரு அக்கா?” என்கிறார் சூப்பர்வைசர்.

திரையில் அந்தக் கைகள் மறுபடியும் தட்டுகின்றன.