ஒரே வாணலி

சமைத்தவர் பாத்திரம் கழுவ வேண்டாம். இது அந்த வீட்டுச் சட்டம். அதனாலேயே கணவன் அடுப்படிக்குள் நுழைந்தால் மனைவி பாத்திரங்களை எண்ண ஆரம்பித்துவிடுவாள். போன வாரம் ஒற்றை முட்டையை வேகவைக்க ஆறு பாத்திரம் எடுத்த ஆசாமி அவன்.

இன்று அவள் வேலை முடிந்து வந்தபோது அடுப்படி பளபளவென்று இருந்தது. அடுப்பின் மேல் ஒரே ஒரு வாணலி. அதில் வான்கோழிக் கொத்துக்கறி போட்ட பாஸ்தா மணத்தது.

"எல்லாமே இதுலயேவா செஞ்சீங்க?"

"கறியை வதக்கி, தக்காளி, பாஸ்தா, தண்ணி எல்லாத்தையும் போட்டு மூட வேண்டியதுதான். கழுவ வேற ஏதாச்சும் இங்க தெரியுதா?"

அவள் உருகிப்போனாள். "இனிமே தெனமும் நீங்களே சமைங்க!"

அழைப்பு மணி அடித்தது. வெளியூர் போயிருந்த எதிர்வீட்டு அக்கா பெட்டியும் கையுமாக நின்றாள்.

"செடிக்குத் தண்ணி ஊத்தத்தானே உன் வீட்டுக்காரர்கிட்ட சாவி குடுத்தேன்? என் அடுப்படியில கழுவின பாத்திரம் ஒண்ணுகூட மிச்சமில்ல. சுவத்துல எல்லாம் பாஸ்தா ஒட்டியிருக்கு!"

மனைவி மெதுவாகத் திரும்பினாள்.

அவன் தேய்க்கிற நாரை அவளிடம் பவ்வியமாக நீட்டினான்.

"சமைச்சது நான்தானே? சட்டம்னா சட்டம்தான்."