குருபக்தி

"இந்த மாதிரி ஆளையெல்லாம் யாரு அக்கா மானியம் கேட்கச் சொன்னது?"

பிஷ்கெக் காசநோய் ஆய்வு நிலையத்தில், பேராசிரியை புருல்சாவின் அறைக்குள் பொருமிக்கொண்டே வந்து உட்கார்ந்தான் எர்மெக். அவளிடம் படித்து டாக்டரானவன்.

விருந்தாளி இருக்கட்டும் என்றால் அரைக் கிண்ணம்தான் ஊற்றுவது அந்த ஊர் வழக்கம்; புருல்சா அரைக் கிண்ணம் தேநீர் ஊற்றினாள். "எந்த ஆளை?"

"வெளியில சொல்லக்கூடாது, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். ஆய்வு மானியத்துக்கு வந்த விண்ணப்பத்தை மதிப்பிட எனக்கு அனுப்பியிருந்தாங்க. எழுதினவன் பேர் இருக்காது. ஆனா பக்கத்துக்குப் பக்கம் உங்களைத்தான் திட்டியிருக்கான். 'புருல்சா நோயாளிகளைத் தப்பாத் தேர்ந்தெடுத்தார், அந்த ஆய்வை மறுபடி செய்யணும்'னு. எவ்வளவு திமிர்!"

"நீ என்ன பண்ணினே?"

"சும்மா விடுவேனா? இருக்கிறதுலயே குறைஞ்ச மார்க்கைப் போட்டுத் தள்ளிவிட்டுட்டேன். நேத்து நிராகரிச்சாச்சு."

புருல்சா தேநீர்க் கெண்டியை எடுத்து அவன் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பினாள்.

"என்னக்கா, எழுந்து போடான்னு சொல்ற மாதிரி நிறைய ஊத்துறீங்க?"

"அதைத்தான் சொல்றேன். பேரைக் காட்டக்கூடாதுங்கறது விதி. அந்த விண்ணப்பத்துல என் தப்பை நான் வேற எப்படிடா எழுதுறது?"